தையல் நேரா வருது, ஆனா போட்டா "வீட்ல தைச்சது"ன்னு தெரியுது: மெஷின் மாத்தினா சரியாகுமா?

பொழுதுபோக்கா தைக்க ஆரம்பிச்சு சில மாசம் ஆச்சு, தையல் நேரா விழுது, ஆனா தைச்ச டாப்ஸைப் போட்டா கழுத்து வாய் பிளந்து நிக்குது, கையைத் தூக்கினா மொத்த டாப்ஸும் மேல ஏறுது, ரெண்டு தடவை துவைச்சதும் பக்கத் தையல் முன்பக்கமா திரும்பி வருது, கடையில வாங்குற துணியோட ஃபினிஷ் இல்ல, அதனால பெரிய மெஷினும் கூடவே துணி ஓரத்தைப் பிசிராம வெட்டித் தைக்கிற ஒரு ஓவர்லாக் மெஷினும் வாங்கினா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. அதாவது குறை மெஷின்லயா இல்ல என் கையிலயாங்கிறது தான் உங்க கேள்வின்னு எடுத்துக்குறேன். நான் முறையா தையல் படிச்சு, பல வருஷமா தைச்சும் சொல்லிக்கொடுத்தும் வர்றதுல பார்த்ததை வச்சு சொல்றேன், நீங்க சொன்ன மூணு குறையும் பெரும்பாலும் நீங்க மெஷின்ல உக்கார்றதுக்கு முன்னாடியே துணிக்குள்ள வந்துடுச்சு. அதனால மெஷின் காசை இப்போதைக்கு பத்திரமா வச்சிருங்க.

முதல்ல மெஷின் விஷயத்துல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கோங்க. மேல் நூலும் கீழ இருந்து வர்ற பாபின் நூலும் துணிக்கு நடுவுல ஒண்ணையொண்ணு கோத்துக்குற லாக்ஸ்டிச் தான் உங்க வீட்டு மெஷின் போடுறது, எலியாஸ் ஹோவ் 1846ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கினதும் இந்தத் தையல் முறைக்குத் தான், தையல் கடையில தடதடன்னு ஓடுற மெஷின் போடுறதும் இதே தையல் தான். விலை ஏற ஏற வேகம் கூடும், சத்தம் குறையும், பட்டன் ஓட்டை அழகா விழும், கனமான துணியில திணறாது. அதெல்லாம் நிஜமான வசதி, வேண்டாம்னு சொல்லல. ஆனா வெட்டும்போதே இழுத்துக்கிட்டுப் போன கழுத்தை எந்த மெஷினும் சுருக்கித் தராது.

பக்கத் தையல் திரும்புறதுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதுல காரணம் ரொம்பத் தெளிவு. நெய்த துணியில நீளவாக்குல போறது பாவு நூல், குறுக்கே போறது ஊடை நூல், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருக்கணும். ஆனா துணியைச் சாயம் போட்டு, சலவை பண்ணி, காயவச்சு, ரோல்ல சுத்துற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருப்பாங்க, அதுல ஊடை நூல் ஒரு பக்கம் சரிஞ்சு போயிடும், நீங்க வாங்கும்போது கண்ணுக்கு நேரா தான் தெரியும். அதை அப்படியே வெட்டித் தைச்சா முதல் ரெண்டு மூணு துவைப்புலயே தண்ணி பட்டு நூல் தளர்ந்து தன்னோட பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும், அப்போ பக்கத் தையல் திரும்பும். சுருங்குறதும் இதே காரணத்தால தான், நெசவுலயும் அதுக்கப்புறமும் இழுத்து வச்ச நூல் தண்ணியில விடுபட்டு பழைய அளவுக்கு வருது. முன்கூட்டியே சுருக்காத காட்டன் நூத்துக்கு 3 பங்கு சுருங்குதுன்னு வைங்க, 100 செ.மீ. சுத்தளவுக்கு தைச்ச டாப்ஸ் 97 ஆயிடும், நீங்க லூஸுக்குன்னு விட்டதுல ஒரு பெரிய பங்கு அங்கேயே காணாமப் போயிடும்.

அதனால துணி வீட்டுக்கு வந்ததும் தைச்சு முடிச்ச பிறகு எப்படித் துவைப்பீங்களோ அதே மாதிரி ஒரு தடவை துவைங்க. மெஷின்ல போடுறவங்க மெஷின்லயே போடணும், வெயில்ல உலர்த்துறவங்க வெயில்லயே உலர்த்தணும். ரயான், விஸ்கோஸ் மாதிரி துணின்னா இன்னும் முக்கியம், அது காட்டனை விட அதிகமா சுருங்கும், ஈரத்துல பலமும் நல்லாவே குறையும், அதனால முறுக்கிப் பிழியக் கூடாது. துவைச்சதும் ஒரு முனையில ஒரே ஒரு ஊடை நூலைப் பிடிச்சு மெதுவா உருவுங்க, அந்த நூல் போன தடத்துலயே வெட்டுங்க, அப்புறம் கரையோட கரை (துணியோட ரெண்டு பக்கமும் நெசவுலயே வர்ற ஓரம்) சேர்த்து ரெண்டா மடிங்க. வெட்டின ஓரம் ரெண்டும் ஒண்ணா உக்காந்தா துணி நேரா இருக்கு. உக்காரலைன்னா குட்டையா நிக்குற மூலையையும் அதுக்கு எதிர் மூலையையும் பிடிச்சு, லேசா ஈரம் இருக்கும்போதே குறுக்கா இழுத்து விடுங்க, காட்டனும் லினனும் பெரும்பாலும் வழிக்கு வந்துடும். சூடு வச்சு நிலைக்க வச்ச பாலியஸ்டர் வராது, அதோட மல்லுக்கட்டாதீங்க, அப்படிப்பட்ட துணி துவைச்சாலும் பெருசா திரும்பாது.

வெட்டும்போது பேட்டர்ன்ல, அதாவது துணி மேல வச்சு வெட்டுற காகித வடிவத்துல, பாவு நூல் போற திசையைக் காட்டுற நேர்கோட்டோட மேல் முனையில இருந்து கரை வரைக்கும் அளங்க, கீழ் முனையில இருந்தும் அளங்க, ரெண்டும் ஒரே அளவா வந்தா தான் கத்திரிக்கோலை எடுக்கணும். கண்ணால பார்த்து "நேரா தான் இருக்கு"ன்னு முடிவு பண்றதுல தான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. இன்னொரு காரணமும் இருக்கு, இது நீங்க தைக்கிற விதத்துல வர்றது. மெஷினோட பல்லு கீழ்த் துணியை இழுத்துக்கிட்டுப் போகும், மேல இருக்கிற பிரஷர் ஃபுட் மேல் துணியைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும், அதனால நீளமா ஒரு பக்கத் தையல் முடிக்கும்போது மேல் துணி கொஞ்சம் மிஞ்சி நிக்கும். அந்த மிச்சத்தைச் சும்மா வெட்டி விட்டா முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும். நடுநடுவுல சின்ன வெட்டு அடையாளம் போட்டு குண்டூசி குத்தி, ரெண்டு பக்கத்தையும் ஒரே திசையில, கீழ இருந்து மேல தைங்க.

நீங்க தைச்சது டி-ஷர்ட் மாதிரி பின்னல் துணின்னா மேல சொன்னது முழுசா பொருந்தாது. ஒற்றைப் பின்னல் ஜெர்சியில நூலோட முறுக்கே துணியைத் திருப்பும், கடையில வாங்குற டி-ஷர்ட்லயே பக்கத் தையல் திரும்பியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதுல உங்க தப்பு எதுவும் இல்ல, துணியோட குணம், முன்கூட்டியே துவைச்சா எவ்வளவு திரும்பப் போகுதுன்னு முதல்லயே தெரிஞ்சுடும், அவ்வளவு தான் செய்ய முடியும். நீங்க எந்தத் துணின்னு சொல்லாததால நெய்த துணின்னு வச்சுத் தான் மீதியையும் எழுதுறேன்.

அடுத்து கழுத்து. இதுல மூணு காரணம் இருக்கலாம், உங்களோடது எதுன்னு துணியை உடம்புல பார்க்காம அடிச்சு சொல்ல முடியாது, ஆனா நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம். அந்தப் பேட்டர்ன் காகிதத்தை எடுத்து தைச்ச கழுத்து மேல வச்சுப் பாருங்க. துணிக் கழுத்து காகிதத்தை விட நீளமா இருந்தா கழுத்து இழுபட்டுருக்கு, இது நிச்சயம். ஒரு கர்ச்சீஃபை கரை பிடிச்சு இழுங்க, வராது, எதிரெதிர் மூலையைப் பிடிச்சு இழுங்க, எவ்வளவு நீளுதுன்னு பாருங்க. கழுத்து வளைவுல பாதி தூரம் இந்தச் சாய்வான திசையில, அதாவது கிராஸ்ல தான் போகுது, அதனால வெட்டி எடுத்து, தூக்கிப் பார்த்து, ஹேங்கர்ல மாட்டி, ரெண்டு நாள் கழிச்சு தைக்கலாம்னு வச்சாலே அது நீண்டுடும். வெட்டின உடனே, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி, கழுத்து ஓரத்துல ஒத்தைத் துணியிலேயே ஒரு தையல் ஓட்டிடுங்க, தையல் கோட்டுக்கு 2 மி.மீ. வெளிய, வெட்டின ஓரத்துப் பக்கமா, தோள்ல இருந்து நடுவை நோக்கி, ஒரு பக்கம் முடிச்சு மறுபக்கம். ரெண்டு நிமிஷ வேலை. நான் சொல்லிக்கொடுக்குற இடத்துல பெரும்பாலானவங்க தேவையில்லன்னு தாண்டிப் போறது இதைத் தான், கழுத்துக்கு அதிகமா உதவுறதும் இது தான்.

அதுக்கப்புறம் உள்பட்டி, அதாவது கழுத்து ஓரத்தை முடிக்க உள்பக்கமா வச்சுத் திருப்புற துணிப் பட்டி. பட்டிக்கு மெல்லிசா, இஸ்திரி வச்சா ஒட்டுற கேன்வாஸ் வைங்க. கழுத்துல தையலுக்கு விடுற துணி 1.5 செ.மீ. வேண்டாம், 6 மி.மீ. போதும், வளைவுல அகலமா விட்டா உள் ஓரமும் தையல் கோடும் ஒரே நீளத்துல இருக்காது, தைக்கும்போது கை தானா இழுக்கும். தைச்சதும் தையலைத் தொடாம சின்னச் சின்னதா வெட்டு விடுங்க, அப்புறம் உள்ள இருக்கிற துணி எல்லாத்தையும் பட்டி பக்கமா தள்ளி, பட்டி மேல, மடிப்புல இருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு தையல் ஓட்டுங்க. இது வெளிய தெரியாது, ஆனா பட்டி வெளிய எட்டிப் பார்க்கிறது இதோட நின்னுடும். கடைத் துணியோட கழுத்தைப் புரட்டிப் பாருங்க, நல்லா தைச்ச துணின்னா இந்தத் தையல் அனேகமா இருக்கும்.

காகிதமும் கழுத்தும் ஒரே அளவுன்னா இழுபடல, அப்போ பேட்டர்ன் உங்க உடம்புக்குச் சரியில்ல. இங்க தான் அளவு எடுக்கிற விஷயம் வருது. அமெரிக்கத் தையல்காரர் எபனேசர் பட்டரிக் 1863ல வேற வேற சைஸ்ல காகிதப் பேட்டர்ன் விக்க ஆரம்பிச்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு கம்பெனி மனசுல ஒரு உடம்பை வச்சுத் தான் வரையுது. பெரிய பேட்டர்ன் கம்பெனிகளோட பெண்கள் அளவு பெரும்பாலும் பி கப்புக்கு வரைஞ்சது, அதாவது அக்குளுக்கு நேரா கீழ, மார்புக்கு மேல சுத்தி எடுக்கிற அளவுக்கும் மார்பு முழு அளவுக்கும் 5 செ.மீ. தான் வித்தியாசம்னு வச்சுக்கிட்டது. உங்களுக்கு அந்த வித்தியாசம் 9, 10 செ.மீ. இருந்து, முழு அளவைப் பார்த்து சைஸ் எடுத்தா மார்புல சரியா வரும், தோளும் கழுத்தும் கைக்குழியும் உங்களை விடப் பெரிய ஆளோட அளவுல வரும், கழுத்து பிளந்து தான் நிக்கும். மார்புக்கு மேல எடுத்த அளவை வச்சு சைஸ் தேர்ந்தெடுங்க, மார்புக்கு வேண்டிய இடத்தைத் தனியா டார்ட்ல (துணியை முக்கோணமா மடிச்சுத் தைக்கிற மடிப்பு) கூட்டுங்க. தோள் எலும்பைச் சுத்தி உடம்பு ரொம்ப மாறாது, மார்பும் இடுப்பும் தான் ஆளுக்கு ஆள் மாறுது, அதனால தோளைச் சரியா பிடிச்சுட்டா மீதியை ஓரளவு சரிபண்ணிக்கலாம். மூணாவது காரணம் தோள் சரிவு, பேட்டர்ன்ல இருக்கிறதை விட உங்க தோள் அதிகம் சரிஞ்சிருந்தா கழுத்துல இருந்து தோள் முனை வரைக்கும் துணி மேல மிதக்கும். தோள் தையலைப் பிரிச்சு, தோள் முனையில மட்டும் உள்ள தள்ளி குண்டூசி குத்திப் பாருங்க, கழுத்து படிஞ்சா அது தான் காரணம்.

இனி கையைத் தூக்கினா டாப்ஸ் ஏறுறது. இதுக்குப் பொதுவா எல்லாரும் பண்ற வைத்தியம் அக்குள் பிடிக்குதேன்னு கைக்குழியை இன்னும் கீழ இறக்கி வெட்டுறது. அது நிலைமையை இன்னும் மோசமாக்கும், இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கையைத் தூக்கும்போது அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் கையோட அடிப்பக்கம் நீளுது, அந்த நீளத்தைத் துணி எங்கேயோ இருந்து கொடுக்கணும். கைக்குழி அக்குளுக்கு கிட்டவே இருந்தா கைத் துணி மட்டும் அசையும், உடம்புத் துணி அப்படியே நிக்கும். கைக்குழி கீழ இறங்க இறங்க கையோட அடித்தையல் இடுப்புப் பக்கத்துல ஆரம்பிக்குது, அப்போ கையைத் தூக்கினா கை நேரா இடுப்புத் துணியைப் பிடிச்சு இழுக்கும். உடம்போட ஒட்டுன டாப்ஸுக்கு கைக்குழியோட அடி அக்குளுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. கீழ இருந்தா போதும். இந்த 2ங்கிறது அனுபவக் கணக்கு தான், துணி கனமா இருந்தா இன்னும் கொஞ்சம் விடணும், உள்ள வேற துணி போடுறதா இருந்தா அதுக்கும் விடணும், ஆனா மேல இருக்கிறது நல்லதுங்கிறது மாறாது.

டாப்ஸ் கையோட, தோள்ல சேர்ற மேல் வளைவும் பாருங்க. வளைவு உயரமா இருந்தா கையைக் கீழ தொங்க விடும்போது ஒரு சுருக்கம் இல்லாம அழகா விழும், ஆனா தூக்குறது சிரமம். வளைவு தாழ்ந்து கை அகலமா இருந்தா தாராளமா தூக்கலாம், தொங்கும்போது அக்குள்ல மடிப்பு விழும். கோட்டோட கைக்கும் சாதாரண சட்டையோட கைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இது தான். ரெண்டு நன்மையும் முழுசா ஒரே கையில கிடைக்காது, வீட்ல வேலை செய்யும்போது போடுறதுக்கா, வெளிய போறதுக்கான்னு முடிவு பண்ணி வெட்டுங்க. ஏற்கனவே வெட்டின டாப்ஸுக்கு கைக்குழியை மேல ஏத்த முடியாது, துணி இல்ல. அக்குள்ல பக்கத் தையலும் கைத் தையலும் சந்திக்கிற இடத்தைப் பிரிச்சு டைமண்ட் வடிவத்துல ஒரு துண்டு வச்சா ஓரளவு சரியாகும், நாலு மூலையும் சுத்தமா வர்றதுக்குப் பழக்கம் வேணும், ஆனா கத்துக்க வேண்டிய வேலை தான்.

ஃபினிஷ் பத்திக் கேட்டீங்களே, அதுல பாதிக்கு மேல இஸ்திரிப் பெட்டி தான், நிஜமாவே சொல்றேன். தைச்சு முடிச்சு கடைசியா ஒரு தடவை தேய்க்கிறதைச் சொல்லல, ஒவ்வொரு தையல் போட்டதும், அதை இன்னொரு தையல் குறுக்கே கடக்குறதுக்கு முன்னாடி, இஸ்திரி வைக்கணும். முதல்ல தைச்ச மாதிரியே மூடி வச்சு ஒரு அழுத்து, அப்போ நூல் துணிக்குள்ள அமுங்கும், அப்புறம் பிரிச்சு ஒரு அழுத்து. முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்காதீங்க, வச்சு எடுத்து வச்சு எடுத்து போங்க, இழுத்தா கிராஸ்ல இருக்கிற ஓரம் எல்லாம் மறுபடி நீளும். பெட்டியில இருக்கிற புள்ளிக்கும் அர்த்தம் இருக்கு, ஒரு புள்ளின்னா ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ், ரெண்டு 150, மூணு 200, இதெல்லாம் உச்ச வரம்பு. காட்டனும் லினனும் மூணு தாங்கும், பட்டும் கம்பளியும் பாலியஸ்டரும் ரெண்டு, அக்ரிலிக்கும் நைலானும் ஒண்ணு. எதுவானாலும் வெட்டின மிச்சத் துண்டுல வச்சுப் பார்த்துட்டு வைங்க. ஒரு டாப்ஸ் தைக்கிற நேரத்துல பாதி நேரம் இஸ்திரி மேஜை கிட்டவே நிக்கிற மாதிரி தோணினா சரியா தைக்கிறீங்கன்னு அர்த்தம்.

அடுத்தது தையலுக்கு விட்ட துணியோட அளவு. 1 செ.மீ. விட்டு வெட்டிட்டு 1.3ல தைச்சா 3 மி.மீ. தானேன்னு தோணும். பக்கத் தையல் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் முன் ஓரம் பின் ஓரம்னு நாலு ஓரம், மொத்தம் 12 மி.மீ. போச்சு. ஊசியில இருந்து சரியா அளந்து மெஷின் தகட்டு மேல ஒரு டேப் ஒட்டி வச்சுக்கோங்க, கண்ணு ஊசியைப் பார்க்க வேண்டாம், டேப்பைப் பார்க்கட்டும்.

மெஷினுக்கு வர்றேன். புது மெஷினுக்கு முன்னாடி புது ஊசி போடுங்க. ஊசி மேல 80ன்னு இருந்தா அதோட தடிமன் 0.80 மி.மீ.ன்னு அர்த்தம், பக்கத்துல இருக்கிற 12ங்கிறது அதுக்கே உள்ள இன்னொரு அளவு முறை. வாயில் (voile) துணி, ஷிஃபான் மாதிரி மெல்லிசுக்கு 70, சட்டைக் காட்டனுக்கு 80, கனமான லினனுக்கு 90, டெனிமுக்கு 100. பின்னல் துணிக்கு முனை உருண்டையா இருக்கிற பால்பாயின்ட் ஊசி, இல்லன்னா தையல் விட்டு விட்டு விழும், துணியில ஓட்டையும் விழும். எட்டு மணி நேரம் தைச்சதும் ஊசியை மாத்தணும்னு பொதுவா சொல்லுவாங்க, அது உத்தேசக் கணக்கு, பாலியஸ்டரும் டெனிமும் ஊசியைச் சீக்கிரம் மழுக்கும், மெல்லிய காட்டன் மெதுவா மழுக்கும், தைக்கும்போது டொக் டொக்னு சத்தம் வந்தா கணக்குப் பார்க்காம மாத்துங்க. துணிக்கு அடியில நூல் கூடு கட்டினா எல்லாரும் பாபினைத் திட்டுவாங்க, ஆனா பெரும்பாலும் தப்பு மேல் நூல்ல தான், பிரஷர் ஃபுட்டை இறக்கி வச்சுக்கிட்டு நூல் கோத்தா, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு மூடியிருக்கும், நூல் அதுக்குள்ள போகாது. ஃபுட்டைத் தூக்கி வச்சுட்டு கோருங்க.

ஓவர்லாக் நல்ல மெஷின் தான், பின்னல் துணி நிறைய தைக்கிறவங்களுக்கு வேலையே மாறிடும், வாங்குறவங்களை நான் தடுக்க மாட்டேன். ஆனா நெய்த துணிக்கு அது கட்டாயம் இல்ல. மெல்லிய துணின்னா முதல்ல நல்ல பக்கம் வெளிய தெரியிற மாதிரி சேர்த்து ஒரு தையல் போட்டு, மிச்சத்தை 3 மி.மீ.க்கு வெட்டி, புரட்டி, உள்பக்கத்துல இன்னொரு தையல் போட்டா பிசிர் எல்லாம் உள்ளேயே அடங்கிடும், இது ஃபிரெஞ்ச் சீம், ஓவர்லாக்கை விட சுத்தமா இருக்கும், நல்லா உழைக்கும். இதுக்கு ஆரம்பத்துலயே 1.5 செ.மீ. விட்டு வெட்டணும். கனமான துணிக்கு ஓரத்துல ஜிக்ஜாக் தையல் போதும்.

அதனால இப்போ உங்க வரிசை இப்படி இருக்கட்டும். அதே டாப்ஸை, விலை கம்மியான, ஆனா அதே கனமுள்ள துணியில, பட்டியும் ஃபினிஷும் எதுவும் இல்லாம, தையல் நீளத்தை 4 மி.மீ. வச்சு ஒரு தடவை ஓட்டிப் போட்டுப் பாருங்க, பிரிக்கிறதுக்கு சுலபமா இருக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு சுருக்கத்தைப் படிங்க. படுக்கையா மடிப்பு விழுந்தா அந்த இடத்துல நீளம் அதிகம், நெட்டுக்குத்தா மடிப்பு விழுந்தா அகலம் அதிகம், சாய்வா இழுத்துக்கிட்டுப் போற கோடு எந்த இடத்தைக் காட்டுதோ அங்க துணி பத்தலை. இதை வச்சு பேட்டர்ன் காகிதத்துல திருத்துங்க, ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் தான், தோள்ல ஆரம்பிச்சு கீழ வாங்க, ஏன்னா தோளைச் சரிபண்ணினதும் கீழ இருந்த பாதிச் சுருக்கம் தானா போயிடும்.

அதுக்கப்புறமும் கழுத்து பிளந்தா மறுபடி இங்கேயே எழுதுங்க, துணி என்னன்னும், மார்புக்கு மேல எடுத்த அளவும் முழு அளவும் எவ்வளவுன்னும் சேர்த்து. போட்டோ போட்டா இன்னும் நல்லது, முகம் தேவையில்ல, கையைத் தொங்கவிட்டு முன்பக்கம் ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு, டாப்ஸை இழுத்துச் சரிபண்ணாம எப்படி விழுதோ அப்படியே எடுத்துப் போடுங்க.